ஒற்றைக் கன்றாகக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டக் கோயில்களுக்கு வேண்டுதலாக வரும் கன்றுகள் பெரும்பாலும் ஒற்றையாகத்தான் வருகின்றன. பால்குடி மறக்காத கன்று, மூன்று வாரமோ ஒரு மாதமோ வயதிருக்கும். கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள் குங்குமம். குட்டியானை வண்டியில் வந்து இறங்கும், ரசீது போடுவார்கள், கொட்டிலின் கடைசி முளையில் கட்டுவார்கள். அன்று இரவு முழுக்கக் கத்தும். இரண்டாம் நாள் தொண்டை கட்டும். மூன்றாம் நாள் சத்தம் இருக்காது. 'பழகிடுச்சு' என்பார்கள். பழகியதா, ஓய்ந்துபோனதா என்பதைத் தொட்டியில் மிஞ்சிக் கிடக்கும் தீவனமும், சுவரை நக்கி நக்கி வழவழப்பாகிவிட்ட இடமும் சொல்லிவிடும்.

கோசாலை நடத்துகிறவர்கள் தீவனத்துக்கு எடை வைத்திருக்கிறார்கள், தடுப்பூசிக்குத் தேதி வைத்திருக்கிறார்கள். துணைக்கு மட்டும் கணக்கு இல்லை. மாடு மந்தை விலங்கு. தனியாக அடைத்த மாட்டுக்கு இதயத் துடிப்பு ஏறும், அடிக்கடி சாணி போடும், தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு நிற்கும், படுக்காது. படுக்காத மாடு சரியாக அசை போடாது. அசை குறைந்தால் வயிறு கெடும். 'நல்லாத்தான் சாப்பிடக் கொடுக்கிறோம், ஏனோ தேறவில்லை' என்று மருத்துவரிடம் கொண்டுவரும் ஒற்றை மாடுகளில் குடற்புழுவையும் தாதுஉப்புக் குறையையும் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'பக்கத்தில் வேறு மாடு இருக்கிறதா?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பிரிட்டனில் 1979இல் அமைக்கப்பட்ட பண்ணை விலங்கு நலக் குழு வகுத்த ஐந்து சுதந்திரங்களில், இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள். போதிய இடம், தகுந்த வசதி, தன் இனத்தின் துணை. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், இந்த ஐந்தையும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3, 11 பிரிவுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஜல்லிக்கட்டைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. பின்னால் சட்டமும் மாறியது. ஆனால் பசிக்கும் நோய்க்கும் பக்கத்தில் துணையும் ஒரு தேவையாக எழுதப்பட்டதைக் கொட்டிலில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

நம் ஊர் உழவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இடத்தை மாடு, வலத்தை மாடு என்று சோடி பிடித்து ஏர் பூட்டியவர்கள், ஒன்று செத்தால் மற்றது தொட்டியில் வாய் வைக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கிடை போட வரும் ஆடு மேய்க்கும் கீதாரிகள், ஆடுகள் மேயப் போகும்போது இளங்குட்டிகளை ஒரே குடாப்பில் (குட்டிகளை அடைக்கும் கூண்டில்) சேர்த்துத்தான் அடைப்பார்கள். மேய்ப்பவன் மூலன் இறந்து கிடந்தபோது பசுக்கள் சுற்றி நின்று மோந்து கதறியதாகவும், அதைத் தாங்காமல்தான் திருமூலர் அவன் உடலில் புகுந்ததாகவும் கதை சொல்கிற சாத்தனூர், திருவாவடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கதை தெரிந்த ஊரிலேயே கன்று ஒற்றையாகக் கட்டிக் கிடக்கிறது என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

முதலில் கன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் எட்டு வாரம் கடந்த கன்றைத் தனி அறையில் அடைக்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு முன்பும் தடுப்புச் சுவர் இடைவெளி உள்ளதாக இருக்க வேண்டும். கன்றுகள் ஒன்றையொன்று பார்க்கவும் தொடவும் முடிய வேண்டும். நோயுற்ற கன்றுக்கும் மிகச் சிறிய பண்ணைக்கும் விலக்கு உண்டு. இரக்கத்தைத் தாண்டி இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சோடியாக வளரும் கன்று அடர்தீவனத்தைச் சீக்கிரம் கொறிக்கத் தொடங்குகிறது, பால் நிறுத்தும்போது அதிகம் இளைப்பதில்லை, புதிய இடத்துக்கும் புதிய தீவனத்துக்கும் குறைவாக மிரள்கிறது. ஒன்று தொட்டியில் வாய் வைப்பதைப் பார்த்துத்தான் மற்றது வைக்கிறது.

செய்முறை இப்படி. இரண்டு கன்றுகளுக்கும் வயது வித்தியாசம் பத்து நாளுக்குள் இருக்கட்டும். ஒரு மாதத்துக் கன்றோடு மூன்று மாதத்துக் கன்றைச் சேர்த்தால் பெரியது பாலையும் குடிக்கும், சின்னதை முட்டியும் தள்ளும். கொட்டிலில் பிறந்த கன்று என்றால் சீம்பால் குடித்துத் தெம்பாகச் சப்பத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சேர்க்கலாம். வெளியிலிருந்து வந்த கன்றை 21 நாள் தனியே வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். கோமாரி, தோல் கழலை, கழிச்சல் எதைக் கொண்டுவந்திருக்கிறது என்று தெரியாது. ஆனால் தனியே என்றால் கண்மறைவாக என்று பொருள் இல்லை. பதினைந்து இருபது அடி தள்ளி, தண்ணீரும் வாளியும் கலக்காமல், கொட்டில் மாடுகளைப் பார்க்கும்படி, கொசுவலைக்குள் கட்டுங்கள். தோல் கழலை கொசு, ஈ கடித்துப் பரவுவது. தூரம் மட்டும் போதாது. இதைவிட நல்ல வழி, தனிமைக் கொட்டிலுக்கே இரண்டிரண்டாக வாங்குவது. ஒரே வாரத்தில் வந்த இரண்டு கன்றுகள் அந்த 21 நாளையும் ஒன்றாகக் கழிக்கட்டும். ஒன்றுக்கு நோய் கண்டால் இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம்.

இடம்: நம் நாட்டுத் தரக் கணக்கில் இளங்கன்றுக்குக் கூரையடியில் ஏறத்தாழ 11 சதுர அடி, திறந்தவெளியில் 22 சதுர அடி. சோடிக்கு அதை இரண்டால் பெருக்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஒன்று படுத்திருக்கும்போது மற்றது அதை மிதிக்காமல் திரும்ப வேண்டும், துள்ள வேண்டும். மூன்றால் பெருக்குங்கள். வைக்கோலைத் தடிமனாகப் போட்டு, நனைந்ததைத் தினமும் அள்ளிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரையில் படுத்த கன்றுக்கு எத்தனை துணை இருந்தாலும் நெஞ்சுச்சளி வரும்.

இனி, சோடி போடும்போது கெடுகிற இடம். கன்றுகள் ஒன்றின் தொப்புளை ஒன்று சப்பும். 'இதனால்தான் தனியாகக் கட்டுகிறோம்' என்று எல்லாக் கொட்டிலிலும் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். சப்பிய தொப்புள் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். காதைச் சப்பினால் முடி வயிற்றில் உருண்டையாகத் திரளும். கிடேரியின் மடியைச் சப்பினால் பின்னாளில் காம்பு கெடும். ஆனால் காரணம் துணையில் இல்லை, வாளியில் இருக்கிறது. தாய்மடியில் கன்று நின்று நிதானமாகச் சப்பும். வாளியில் ஊற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் தீர்ந்துவிடும், சப்பும் வேகம் மட்டும் தீராது. பால் வாசனை வாயில் இருக்கும் அடுத்த பத்து நிமிடந்தான் ஆபத்து. அதனால் நிப்பிள் வைத்த பாட்டிலோ வாளியோ வேண்டும், ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும். பால் குடிக்கும் நேரத்துக்கு இரண்டையும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி வைத்துப் பிரியுங்கள். பால் தீர்ந்ததும் காலி நிப்பிளை இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் வாயிலேயே விடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி கன்றுத்தீவனத்தை நாக்கில் வைத்து, வாயைத் துடைத்துவிட்டுத் தட்டியை எடுங்கள். பாலின் அளவும் குறையக் கூடாது. 25 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்பது கீழ்வரம்பு; அதையும் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் சப்பல் வெகுவாகக் குறையும். கால் லிட்டர் பாலைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, கன்று காதைச் சப்புகிறதே என்று அடிப்பதில் நியாயம் இல்லை.

வளர்ந்த மாட்டைச் சேர்ப்பது வேறு கதை. புதுப் பசுவை ஓட்டிவந்து, கட்டுத்தறியில் இரண்டு பழைய மாடுகளுக்கு நடுவில் கட்டிவிடுவதுதான் வழக்கம். மிக மோசமான வழி அது. கட்டிப் போட்ட மாடு விலகிப் போய்ப் பணிவைக் காட்ட முடியாது. முட்டு வாங்கிக்கொண்டே நிற்கும். மாடுகள் யார் பெரியவர் என்பதை முட்டிப் பார்த்து முடிவு செய்தாக வேண்டும். அதற்கு ஓட இடம் வேண்டும். தனிமைக் காலம் முடிந்து, குடற்புழு மருந்து கொடுத்து, கருச்சிதைவு நோய்க்கு ரத்தம் பார்த்தபிறகு, கயிற்றை அவிழ்த்துத் திறந்த திடலில் விடுங்கள். வெயில் தாழ்ந்தபின், மாலை தீவனம் போட்டுப் பசி அடங்கிய வேளை நல்லது. ஆறு மாடு என்றால் வைக்கோலை எட்டு இடத்தில் குவியுங்கள். ஒன்றைத் துரத்திவிட்டாலும் அது போய்த் தின்ன இன்னொரு குவியல் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி இரண்டு, திடலின் இரண்டு கோடியில். முட்டுச்சந்து மாதிரி மூலை இருந்தால் மரத்தை வைத்து மறித்துவிடுங்கள். மூலையில் மாட்டிய மாட்டுக்குத்தான் விலா எலும்பு முறிகிறது. தரை வழுக்கினால் மணல் போடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சண்டை அடங்கும். அந்த நாட்களில் பால் சற்றுக் குறையும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் ஆகியும் ஒரு மாடு எப்போதும் தள்ளியே நின்று, மற்றவை தின்று முடித்தபின்தான் தொட்டிக்கு வருகிறது என்றால் அது ஒத்துப்போகவில்லை. சாதுவான கிழட்டுப் பசு ஒன்றோடு அதைத் தனியாகப் பிரித்து விடுங்கள்.

கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை. உம்பளச்சேரி மாட்டை மொட்டை மாடு என்றே கூப்பிடுவார்கள். காளைக் கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் பழக்கம் இங்கே இருந்தது. அப்படி மொட்டையான மாட்டையும் விறைத்த கொம்புள்ள மாட்டையும் ஒரே திடலில் விட்டால் பலம் ஒருபக்கமாகிவிடும். கொம்புள்ளவை ஒரு கூட்டம், இல்லாதவை ஒரு கூட்டம் என்று பிரிப்பதே நல்லது. பசுவுக்குக் கூரையடியில் ஏறத்தாழ 38 சதுர அடி, திறந்தவெளியில் 75 சதுர அடி, தொட்டியில் இரண்டு முதல் இரண்டரை அடி வாய்நீளம் என்பது மனதில் இருக்கட்டும். தொட்டி குட்டையானால் நட்பு போய்விடும்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்ற கொட்டிலில்கூட ஒன்று செய்யலாம். திடலில் விடும் நேரத்தில் எது எதன் கழுத்தை நக்குகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். மாடு தன் நாக்குக்கு எட்டாத தலையையும் கழுத்தையும்தான் மற்றதிடம் நீட்டும். நீட்டுவது எல்லா மாட்டிடமும் இல்லை. நக்கிக்கொள்ளும் இரண்டைப் பக்கத்துப் பக்கத்து முளையில், முகம் எட்டும்படி, கயிறு சிக்காதபடி கட்டுங்கள். காசு செலவில்லாத வேலை.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளக் கோசாலைப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். காது வில்லை எண், வந்த தேதி, தடுப்பூசி என்று எழுதும் இடத்தில் 'உடன் கட்டியது' என்று ஒன்று. அதில் இன்னொரு மாட்டின் காது எண் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் அந்த மாட்டைப் பார்க்க ஆள் போக வேண்டும். கோயிலில் மிகுதியாகும் மாடுகளைச் சுயஉதவிக் குழுக்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒப்படைக்கும்போது இந்தப் பத்திதான் கைகொடுக்கும். 145ஐ ஒரு வீட்டுக்கும் 146ஐ இன்னொரு ஊருக்கும் அனுப்புவதற்குமுன் எழுத்தர் ஒரு நொடி நிறுத்துவார். வேண்டுதல்காரர்களிடமும் சொல்லலாம். இன்னொரு குடும்பம் கன்று கொடுக்கும் வாரத்தில் நீங்களும் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் கன்று பால் மறக்கும்வரை தாயோடு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நேர்த்தி எங்கேயும் போய்விடாது.

புயல் நேரத்துக்கும் இது பொருந்தும். 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கஜா கரை கடந்தபோது எத்தனை கால்நடைகள் போயின என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். மேட்டுக்கு ஓட்டும்போது பழகிய சோடியைச் சேர்த்தே ஓட்டுங்கள். ஒன்று நடந்தால் மற்றது இழுக்காமலே வரும். சோடியில் ஒன்று செத்துவிட்டால், தொற்றுநோய்ச் சாவாக இல்லாதபட்சத்தில், உயிரோடிருப்பதை உடலை மோந்து பார்க்க விடுங்கள். சட்டென்று மறைத்துவிட்டால் நாள்கணக்காகத் தேடிக் கத்தும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்ற சந்தேகம் இருந்தால் இதைச் செய்யவே கூடாது. உடலை யாரும் தொடாமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

நேர்ந்துவிட்ட ஆட்டுக்கும் இதே பேச்சுதான். ஒற்றை ஆடு கத்திக் கத்தித் தொலைக்கிறது என்று அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். இரண்டாவது ஆடு வந்த மறுநாள் சத்தம் பாதியாகும். பத்தடிக் கயிற்றில் இரண்டைக் கட்டினால் முளைகளுக்கு நடுவில் இருபத்திரண்டு அடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் கயிறு பின்னிக் கழுத்தை இறுக்கும். இரண்டாவது ஆட்டுக்கு வழியே இல்லையென்றால் மாட்டுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

யானையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நம் கோயில்களில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே பெண் யானைகள். காட்டில், பருவம் வந்த ஆண் யானை பெரும்பாலும் தனியே திரியும். பெண் யானை தாய், சகோதரி, மகள், பேத்தி என்று குடும்பத்தோடே பிறந்து குடும்பத்தோடே சாகும். எந்தப் பாலினம் தனியாகவே இருக்காதோ அதையே பார்த்துத் தனியாகக் கட்டியிருக்கிறோம். தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே நிற்பதைப் பார்த்து 'நாதஸ்வரத்துக்கு ஆடுது' என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். நாதஸ்வரம் நின்றபிறகும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் அது தனிமையாலும் கட்டிப்போட்டதாலும் வந்த வியாதி.

2003இல் முதுமலையில் தொடங்கிப் பிறகு தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடந்த நலவாழ்வு முகாமில் 48 நாள் கோயில் யானைகள் ஒன்றாக இருந்தன. 2021க்குப் பிறகு அந்த முகாம் பழையபடி நடக்கவில்லை. நீண்ட லாரிப் பயணம், கூட்டத்தில் நோய் பரவும் அச்சம் என்று அதற்கு எதிராகவும் நியாயங்கள் உண்டு. 48 நாள் பழகிவிட்டு மறுபடி பத்து மாதத்துக்கு மேல் பிரிவதும் சங்கடமே. எங்கள் யோசனை அதைவிடச் சின்னது. ஸ்ரீரங்கத்தில் ஆண்டாள், லட்சுமி என இரண்டு யானைகள் உள்ளன. அதே தீவில், கொஞ்ச தூரத்தில் திருவானைக்காவலில் அகிலா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் லாரி ஏற்றாமல் நடந்தே போய்ச் சந்திக்கக்கூடிய தூரம். வாரத்துக்கு இரண்டு நாள், விடியற்காலை நடைப்பயிற்சியை ஒரே திடலில் வைத்தால் என்ன?

எடுத்த எடுப்பில் பக்கத்தில் நிறுத்திவிடக் கூடாது. முதலில் காசநோய்ச் சோதனை. தும்பிக்கையில் உப்புநீர் விட்டு, அது வெளியே விடும் நீரைச் சேகரித்துப் பார்ப்பார்கள். மனிதரிடமிருந்து யானைக்கும் தொற்றும் நோய் என்பதால் பாகன்களுக்கும் சோதனை வேண்டும். பிறகு சில நாள் நூறடித் தொலைவில், அவரவர் பாகனோடு, அவரவர் தழைக்குவியலோடு நிற்கட்டும். காது தளர்ந்து ஆடி, தின்றுகொண்டே மற்றதைப் பார்த்தால் தூரத்தைக் குறைக்கலாம். தும்பிக்கையை நீட்டி மற்றதன் வாய்க்குள் வைத்தால் அது வணக்கம். காதை விரித்து, தலையைத் தூக்கி, வாலை விறைத்தால் அன்றைய சந்திப்பு முடிந்தது என்று பொருள். ஒன்றைச் சங்கிலியில் கட்டிவைத்து மற்றதைப் பக்கத்தில் விடுவது மட்டும் எப்போதும் கூடாது. விலகிப் போக முடியாத யானைக்குத் துணையும் பயந்தான். சில யானைகளுக்குள் ஒத்தே போகாது. அவற்றைக் கட்டாயப்படுத்தாமல் பார்வைத் தொலைவோடு விட்டுவிட வேண்டும். எத்தனை யோசனை சொன்னாலும் ஒன்றில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். யானை இறந்த கோயிலுக்கு இன்னொரு ஒற்றை யானை வரக் கூடாது.

வீட்டு வளர்ப்பில் லவ் பேர்ட்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒற்றைப் பறவைக்குக் கண்ணாடித் துண்டு மாட்டுவதை நிறுத்துங்கள். பிம்பத்துக்கே இரையைக் கக்கிக் கக்கி மெலியும். மூக்கின்மேல் இருக்கும் சதை நீலமானால் ஆண், வளர்ந்ததில் பழுப்பானால் பெட்டை. சில நிறவகைகளில் இந்த அடையாளம் ஏமாற்றும். இரண்டு பெட்டைகளை ஒரே கூண்டில் விட்டால் சண்டை வர வாய்ப்பு அதிகம். புதுப் பறவையை 30 நாள் வேறு அறையில் வைத்துவிட்டு, பழைய பறவையின் கூண்டுக்குள் விடாமல், இரண்டையும் புதிய கூண்டுக்கு மாற்றுங்கள். கூண்டு மூன்றடி நீளமாவது இருக்கட்டும், தீனிக் கிண்ணம் இரண்டு. குஞ்சு வேண்டாமென்றால் பானை வைக்காதீர்கள். சண்டையில் பாதி பானைக்காகத்தான். பச்சைக்கிளிக்குத் துணை தேட வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கவே கூடாதது அது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி.

முயல் பற்றி விரிவாக எழுதக் காரணம், இரண்டாகவே வாங்கிப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஜோடி' என்று கடையில் கொடுக்கும் இரண்டு மாதக் குட்டிகளில் ஆண் பெண் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். மூன்றரை, நான்கு மாதத்தில் உண்மை தெரியும். இரண்டும் ஆண் என்றால் ஒன்றன் விதையை ஒன்று கடித்துக் குதறும். ஆணும் பெண்ணும் என்றால் 31 நாளில் குட்டி. ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். அதனால் மூன்று மாத வயதில் மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று சரிபார்த்து, ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். அறுவை முடிந்தும் ஆறு வாரம் பெட்டையோடு விடக் கூடாது. உள்ளே தங்கியது அதுவரை வேலை செய்யும்.

சேர்க்கும்போது முதலில் இரண்டு கூண்டுகளையும் மூன்று விரற்கடை இடைவெளி விட்டு அருகருகே வையுங்கள். ஒட்டி வைத்தால் கம்பி வழியே மூக்கும் விரலும் போகும். தினமும் படுக்கைத் துணியை மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றன் வாசனை மற்றதற்குப் பழகட்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்து, இரண்டுமே இதுவரை நுழையாத இடத்தில், மாடியோ பாத்ரூமோ எதுவானாலும் சரி, ஒரு சாக்கைத் தரையில் விரித்து இறக்கிவிடுங்கள். வழுக்கும் டைல்ஸில் பயந்த முயல் துள்ளினால் முதுகெலும்பு முறியும். பல இடங்களில் கீரைக் குவியல். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, இரண்டு வாசல் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரே வாசல் பெட்டியில் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் மற்றது வாசலில் நின்று கடிக்கும். முதல்நாள் பத்து நிமிடம் போதும். மேலேறுவது சகஜம், சில நொடியில் தானே இறங்கிவிடும். தலைப்பக்கமாக ஏறினால் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது கடிக்கும் இடம் மோசமான இடமாக இருக்கும். வால் தூக்கி, காதைப் பின்னால் ஒட்டி, ஒன்றையொன்று வட்டமிட்டால் நடுவில் ஒரு முறத்தை நுழைத்துப் பிரியுங்கள். கையை விட்டால் கைதான் கிழியும். நாள்பட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், பக்கத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து படுத்து, ஒன்று மற்றதன் நெற்றியை நக்கத் தொடங்கியபின், இரண்டு முழுநாள் சண்டையில்லாமல் போனால் ஒரே கூண்டுக்கு மாற்றலாம்.

காதில் சொரி கண்டால் ஒன்றுக்கு மட்டும் மருந்து போடாமல் இரண்டுக்கும் போட வேண்டும். நாய் உண்ணிக்குத் தடவும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். சித்திரை வெயிலில் சின்னக் கூண்டில் இரண்டு இருந்தால் சூடும் இரட்டிப்பாகும். ஐஸாக உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு வையுங்கள், ஒன்று வைத்தால் பலசாலிக்கு மட்டுந்தான் கிடைக்கும். முயலோடு கினிப்பன்றியைத் துணைக்கு விடாதீர்கள். முயல் உதைக்கும், முயலிடம் குடியிருக்கும் நுண்ணுயிர் கினிப்பன்றிக்கு நுரையீரல் நோயைக் கொடுக்கும், வைட்டமின் சி வேண்டிய கினிப்பன்றிக்குத் தீனியும் வேறு.

ஒரு முயலுக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் கொண்டுபோகும்போது இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் கொண்டுபோய் ஒரு நாள் கழித்துத் திருப்பினால், ஆஸ்பத்திரி வாசனையோடு வருவதை மற்றது அந்நியமென்று பாய்ந்து கடிக்கும். அப்புறம் சாக்கு விரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடைப் பராமரிப்பில் பணியாற்றும் வாசகர்கள் சிலர்,
கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரம்.